வேன் என்றால் எங்கே

இல்லை, நெருக்கம் என்று சொல்ல முடியாது. ஆச்சியும் நானும் ஒரே வாரத்தில் குவைத்தில் வந்து இறங்கினோம். ஒரே நாளில் மகப்பேறு வார்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தோம். ஏழு வருடம் ஒரே வேலையைச் செய்தோம். அதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பெயர் நல்ல பெயர் அல்ல.

செய்தி ஸ்டாஃப் வேனில் வந்தது. காலை ஆறேகால். நாங்கள் குடியிருக்கும் அப்பாசியாவில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே நாங்கள் ஏறுகிற இடத்தைத் தாண்டி வண்டி ரவுண்டானாவில் திரும்பிக்கொண்டிருந்தது. வார்டு வாட்ஸப் குழுவில் ஆச்சியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. லீவில் ஊருக்குப் போனவள் மறுபடியும் ஏரிப் படம் அனுப்பியிருக்கிறாள் என்று எரிச்சலோடுதான் திறந்தேன்.

"நான் இவளுடைய தங்கை. ஆச்சியெங் நேற்று மதியம் இறந்துவிட்டாள். இரண்டு நாளாகக் களைப்பாக இருக்கிறது என்று சொன்னாள். பிறகு விழுந்துவிட்டாள்."

முன் சீட்டிலிருந்து ஜெபா திரும்பினாள். நாகர்கோவில்காரி, என் அறைத்தோழி. "பிள்ளே, பாத்தியா? யாரோ போனை எடுத்து வெளையாடுதாவளா?"

எனக்குள் முதலில் எழுந்தது துக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் இடம் காலியாகிவிட்டது என்ற எண்ணம். அதன் பின்னால்தான் துக்கம் வந்தது, வண்டியைத் தவறவிட்ட ஆள் ஓடி வருவது போல.

வார்டு பொறுப்பாளர் விமலாக்கா, நம் நர்ஸ்கள் சங்க மலருக்கு நான் எழுத வேண்டும் என்றார். உங்களில் பலர் அவளைப் பற்றி நல்லவிதமாக எழுதுவீர்கள். நான் பொறாமையைத்தான் எழுத முடியும். ஏழு வருடமும் அவளை நான் பார்த்தது அதன் வழியாகத்தான். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்: கூர்ந்து பார்த்தேன்.

*

ஆச்சியெங் என்பது கென்யாவில் அவளுடைய மக்கள் உச்சிவெயிலில் பிறந்த பெண்ணுக்கு வைக்கும் பெயர். அறிமுக வகுப்பில் அவளுடைய பெயர் அட்டையை ஜெபா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"ஆச்சியா? அய்யோ, எங்க பக்கம் ஆச்சின்னா வயசானவளாக்கும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். கொஞ்சம் யோசித்தாள். "நல்லதாகப் போயிற்று. வயதானவள் பேசினால் டாக்டர்கள் கேட்பார்கள்" என்றாள். அன்று முதல் அவள் ஆச்சி. பின்னால் வந்த, அவளைவிடப் பத்து வயது மூத்த விமலாக்காவுக்கும் ஆச்சி.

அவள் தமிழ் கற்ற கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த பகுதி ஒன்று உண்டு. முதலில் கற்றுத்தர முயன்றவள் நான். "வலிக்கிறதா?" என்று அழகாகச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் சிவகாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் பிரசவம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆச்சி குனிந்து, ஜெபாவிடம் பொறுக்கிய தமிழில், "நோவுதா மக்களே?" என்றாள். அந்தப் பெண் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து நான் பக்கத்தில் இருந்தேன். நல்ல தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் அவள் அழவில்லை.

அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

*

பிங்க்.

பிறந்த குழந்தையின் நிறத்துக்கு எங்கள் தாளில் ஒரு கட்டம் இருந்தது. அதில் பிங்க் என்று எழுதுவோம். யோசிப்பதில்லை, கை எழுதிவிடும். ஒரு நைஜீரியப் பெண்ணின் குழந்தைக்கு நான் அப்படி எழுதியபோது ஆச்சி தாளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"கயல், இதில் எது பிங்க்?"

"அது ஃபார்மாலிட்டி."

"அப்படியென்றால் இந்தக் குழந்தை ஃபார்மாலிட்டிக்கு நலமாக இருக்கிறது."

என்னிடம் அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். தமிழ் மற்றவர்களுக்கு. சட்டைப்பையிலிருந்து சிறு டார்ச்சை எடுத்தாள். சுண்டுவிரலால் குழந்தையின் கீழுதட்டை மெல்ல இழுத்து உள்பக்கம் பார்த்தாள். பிறகு நாக்கு. உள்ளங்கையை விரித்தாள். பாதத்தைத் திருப்பினாள். "இங்கே பார். இங்கேயும். இப்போது எழுது."

இது எனக்குத் தெரியாததல்ல. கறுத்த தோலில் ரத்தக் குறைவையும் மூச்சுக் குறைவையும் எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தில் மஞ்சள் பேனாவால் கோடிட்டிருக்கிறேன். எம்.எஸ்ஸி தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண். ஆனால் ஒரு வாயையும் திறந்து பார்த்ததில்லை. டிப்ளமா படித்தவள் பார்த்தாள்.

மதுரையில் என் தம்பியும் நானும் பிறந்தபோதும் யாரோ பிங்க் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் இருவரையும் சரியாகப் பார்த்திருந்தால் யாரும் அந்தச் சொல்லை எழுதியிருக்க முடியாது.

*

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபா அவளைச் சாப்பிடக் கூட்டி வந்தாள். மீன் வாங்கியாயிற்று, தேங்காய்ப்பால் வாங்க நாங்கள் மூவரும் கீழே மளிகைக் கடைக்குப் போனோம். அப்பாசியாவில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு தட்டு முழுக்க முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் இருக்கும். ஆச்சி ஒரு டப்பாவை எடுத்துப் பின்பக்கம் திருப்பி நெடுநேரம் படித்தாள்.

"இது எந்த நோய்க்கு?"

கடைக்காரர் கேரளத்துக்காரர். சிரித்துவிட்டார். ஜெபா நிறத்தில் அவளைவிட ஒரு படிதான் குறைவு. அவளும் சிரித்தாள். "நோய் எனக்க அம்மைக்காக்கும். என்னைப் பெத்த நாள்லேருந்து அவளுக்குச் சீக்கு."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் அலமாரியில் அதே டப்பா இருந்தது, பாதி தீர்ந்த நிலையில்.

மேலே வந்து அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே பேசினார்கள். "பிள்ளே, தலை எனக்கு" என்று ஆச்சி சட்டியை இழுத்தாள். "போடீ, தலை வீட்டுக்காரிக்கு" என்று ஜெபா பிடுங்கினாள். நான் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் அறைத்தோழி எனக்கு அப்படித் தலையைப் பிடுங்கிக் கொடுத்ததும் இல்லை, பிடுங்கிக்கொண்டதும் இல்லை.

*

அவளிடம் ஒரு சிறு நோட்டு இருந்தது. வலி என்று ஒரு பெண் சொன்ன நேரம், மாத்திரையோ ஊசியோ கொடுக்கப்பட்ட நேரம், அவ்வளவுதான். பெயர், நாடு, இரண்டு நேரங்கள். ஒரு வருடம் எழுதினாள். எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என்று வரும் இடங்களில் இரண்டு நேரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி நீண்டிருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

நான் அதை எடுத்துப் புரட்டினேன். "இதில் ஆய்வு முறை எதுவும் இல்லை" என்றேன்.

"ஆமாம். பெண்கள்தான் இருக்கிறார்கள்" என்றாள்.

நம்மில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். யாரும் மறுக்கவில்லை, யாரும் திட்டவில்லை. நம்மிடம் ஒரு சொல் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் கறுப்பினப் பெண் ஒருத்தியின் கட்டிலுக்கு வந்ததும் சொல்வோம்: "ஸ்ட்ராங் லேடி. சமாளிச்சுப்பா." பாராட்டாகத்தான் சொன்னோம். பாராட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம்.

ஆச்சி அதைப் பற்றிச் சொன்னது இது: "ஸ்ட்ராங் என்று எழுதிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை."

*

வேன் கதைக்கு வருகிறேன்.

புதிதாக வந்த எல்லோருக்கும் தன் வகுப்பில் அவள் சொல்லும் கதை. நீங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பேசும் அரபியில் 'வேன்' என்றால் 'எங்கே'. நமக்கு வேன் என்றால் வேன். இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதது.

ஆறாம் எண் கட்டிலில் ஹவா. சூடான்காரி, கணவர் டிரைவர். பிரசவமாகி இரண்டாவது நாள். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவள். காலை முழுக்க, "அன தஅபானா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கொடுத்த அரபிச் சொற்பட்டியலில் தஅபானா என்பதற்கு எதிரே 'களைப்பு' என்று இருந்தது. பிரசவித்த பெண் களைப்பாக இல்லாமல் எப்படி இருப்பாள்? பிபி கொஞ்சம் ஏறியிருந்தது. கால் வீங்கியிருந்தது. நடந்துவிட்டு வந்திருப்பாள் என்று காலை டியூட்டி நர்ஸ் நினைத்தாள். எழுதவும் எழுதினாள்: தாய் நலம். களைப்பு. சமாளிக்கிறாள்.

இரண்டரை மணிக்கு மாலை டியூட்டிக்கு ஆச்சி வந்தாள். கவுண்டரில் ஹேண்ட்ஓவர்.

"ஆறாம் நம்பர், ஹவா. தஅபானாங்கிறா. ஸ்ட்ராங் லேடி, சமாளிச்சுப்பா."

ஆச்சி கேட்டாள்: "வேன்?"

காலை டியூட்டி நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "கீழ நிக்கும் இந்நேரம். நான் வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். ஆச்சியும் சிரிக்க விடுவாள். பிறகு சொல்வாள்: "அவள் வேன் பிடித்தாள். நான் ஆறாம் நம்பருக்குப் போனேன். வேன் தஅபானா என்று கேட்டேன். எங்கே களைப்பு? ஹவா தன் கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் வைத்தாள். பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வைத்தாள்."

அதற்கு மேல் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள் ஹவா. தலை வெடிக்கிறது என்றாள். தஅபானா என்றால் களைப்பு மட்டும் இல்லை, உடம்புக்கு முடியவில்லை என்றும் பொருள். பட்டியலில் அது இல்லை. பிபி எங்கேயோ போயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகும் வரும் அந்த அழுத்தம் வலிப்பில் போய் முடியும். ஆச்சி டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் வரத் தாமதித்தபோது அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட்டாள். மெக்னீசியம் ஏற்றினார்கள். வலிப்பு வரவில்லை. ஹவா பிழைத்தாள்.

அந்தக் காலை டியூட்டி நர்ஸ் நான்.

வேனில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

*

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தபோது ஆறாம் எண் கட்டில் காலியாக இருந்தது. ஐசியுவில் என்றார்கள். தாளைப் புரட்டினேன். என் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து தொடங்கியிருந்தது. நான் நான்கு சொல் எழுதிய இடத்தில் அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நான் செய்தது எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில், இதை இவள்தானா கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது. ஒரு பெண் சாகவிருந்தாள். என் யோசனை இதுவாக இருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் முந்தைய ஷிஃப்டைப் பற்றி மேற்பார்வையாளர் கேட்டார். "சொற்பட்டியல் தவறு" என்றாள் ஆச்சி. "எங்கள் எல்லோரிடமும் அந்தப் பட்டியல்தான் இருக்கிறது." பட்டியலை மாற்றினார்கள். அந்த மேற்பார்வையாளரும் அப்போதைய பொறுப்பாளரும் அடுத்தடுத்த வருடங்களில் ஊருக்குப் போய்விட்டார்கள். விமலாக்கா அதற்குப் பிறகு வந்தவர். வேன் கதையில் 'ஒரு நர்ஸ்' மட்டும் மிஞ்சினாள்.

நாற்பது நாள் கழித்து ஹவா குழந்தையோடு வந்தாள். கையில் ஒரு தட்டு நிறையக் கடலை மிட்டாய் போல ஏதோ, அவள் வீட்டில் செய்தது. கவுண்டரில் நான்தான் இருந்தேன். அன்று காலை முழுக்க அவள் பக்கத்தில் இருந்தவள். என்னை அடையாளம் தெரியவில்லை. "வேன் ஆச்சி?" என்று கேட்டாள். உள்ளே கை காட்டினேன்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஆச்சியிடம் கேட்டேன். "கதையில் என் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே?"

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். "சொன்னால் எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள். எனக்கு அவர்கள் ஹவாவைப் பார்க்க வேண்டும்."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கதையில் நான் ஒரு பொருட்டே இல்லை. இதை மன்னிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

*

ஹவாவுக்குப் பிறகுதான் நீங்கள் 'வேன் ஷீட்' என்று கூப்பிடும் தாள் வந்தது. ஹேண்ட்ஓவருக்கு ஒரே ஒரு பக்கம். அதில் பிங்க் இல்லை. ஸ்ட்ராங் இல்லை. சமாளிக்கிறாள் இல்லை. எங்கே, எப்போதிலிருந்து, யார் போய்ப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு என்ன செய்தார்கள். நிறம் என்ற கட்டத்துக்குப் பதில் உதட்டின் உள்பக்கம், உள்ளங்கை, பாதம். எந்த நாட்டுப் பெண்ணுக்கும் இதே தாள்தான். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவள் நான். இரண்டு காற்புள்ளிகளை மாற்றினேன். வீட்டுக்கு வந்து ஜெபாவிடம், "அந்த ஷீட்டை நானும் ஆச்சியும் போட்டோம்" என்றேன். முதலில் 'நானும்'.

"அப்பிடியா பிள்ளே?" என்றாள் ஜெபா. அவள் நம்பவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

வார்டில் பயிற்சியாளர் பதவி வந்தபோது இருவரும் விண்ணப்பித்தோம். என்னிடம் பட்டங்கள் இருந்தன. அவளிடம் அந்த நோட்டு. அவளுக்குக் கிடைத்தது.

உடை மாற்றும் அறையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாழ்த்து சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"உன் நிறம் உனக்கு நன்றாக உதவியிருக்கிறது."

அவள் நிமிரவில்லை. முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"அப்படியா?" என்றாள். "முதல் தடவை."

பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "கயல், உனக்கு வேன் போய்விடுமே" என்றாள்.

அது குத்தலா, அக்கறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. கேட்டிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள்.

*

செய்தி வந்த மூன்றாம் நாள் விமலாக்கா என்னைக் கூப்பிட்டார். பாளையங்கோட்டைக்காரர். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏட்டி, இந்தப் போஸ்ட் இனி உனக்குத்தான். மேல பேசிட்டேன். செவ்வாக்கிழமை புதுப் பிள்ளைங்க எட்டுப் பேரு வருதுக. ஆச்சி கிளாஸை நீ எடு."

"சரிக்கா."

"அந்த வேன் கதைய மட்டும் விட்ராத. அதுலதான் பிள்ளைங்க முழிச்சு உக்காருதுக."

சரி என்றேன். வேறென்ன சொல்ல. ஏழு வருடம் நான் ஆசைப்பட்ட இடம் அது. அவள் நாற்காலி, அவள் வகுப்பு, அவள் ஃபைல். இப்போது அவள் கதையும். அதே கதையை அதே சொற்களில் சொல்லலாம். ஒரு நர்ஸ் என்று சொல்லி, எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஒருத்தி இல்லை.

அந்த வாரம் முழுக்க அவளுடைய தங்கையின் செய்தியைத் திறந்து திறந்து பார்த்தேன். இரண்டு நாளாகக் களைப்பாக இருக்கிறது என்று சொன்னாள். எங்கே என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன். தங்கைக்கு அது கேள்வியாகக் கேட்காது, குற்றச்சாட்டாகக் கேட்கும். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அனுப்பினேன்.

"நீ இன்னும் ஒருதரம்கூட அழல்ல" என்றாள் ஜெபா, திங்கட்கிழமை வேனில்.

"அவ இருந்தா உன்கிட்ட வந்து அழுதிருப்பா. நான் செத்திருந்தா" என்றேன்.

"உனக்கு என்னத்துக்குப் பிள்ளே அவகிட்ட இம்புட்டுப் பொறாமை?"

வேனில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "வேன் பிடிச்சு ஓடுன அந்த நர்ஸ் நான்தான் ஜெபா."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கத் தோளுல சாஞ்சு தூங்கினியே அண்ணைக்கு" என்றாள். "வாயைத் தொறந்துட்டு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். ஆஸ்பத்திரி வரைக்கும்.

*

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை.

ஒரு டார்ச். என்னுடையதில் பேட்டரி தீர்ந்த அன்று இரவலாக வாங்கினேன். அவள் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி ஜெபா தமிழில் 'ஆச்சி' என்று எழுதியிருக்கிறாள். மை மங்கிவிட்டது.

"முதல் தடவை" என்ற அவளுடைய பதில். அதை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. ஒரே சொல். அதைக் கேட்பது சுலபம். கேட்டுவிட்டு நிற்பதுதான் அவள் செய்தது. அப்படி நிற்பதன் மேல்தான் எனக்கு இத்தனை வருடமும் பொறாமை, அவள் பதவியின் மேலோ பேரின் மேலோ இல்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. பொறாமை இன்னும் போகவில்லை. அவள் போன பிறகு அது குறையும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பெடுத்தேன். எட்டுப் பேர். நான்கு பேர் தமிழ்நாடு, மூன்று பேர் கேரளம், ஒருத்தி உகாண்டா. வேன் கதையைச் சொன்னேன். "ஒரு நர்ஸ்" என்று தொடங்கவில்லை. "நான்" என்று தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னபடியே எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு நிமிடம் அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு ஹவாவின் கை எங்கே போயிற்று என்று காட்டினேன். கண்ணுக்கு மேல். வலது விலாவுக்குக் கீழே. உகாண்டாப் பெண் தன் கையையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

வகுப்பு முடிந்து வார்டுக்கு வந்தேன். நான்காம் எண் கட்டிலில் எத்தியோப்பியப் பெண், முந்தைய நாள் பிரசவம். ஹேண்ட்ஓவர் முடிந்திருந்தது. போகிற வழியில் ஒருமுறை நின்றேன். தஅபானா என்றாள். டார்ச்சை எடுத்தேன். "வேன்?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டே முக்கால் வேன் போய்விட்டது. டாக்ஸியில் வருகிறேன் என்று ஜெபாவுக்குச் செய்தி அனுப்பினேன்.